கீழே இறக்கலாமா, இங்கேயே பார்க்கலாமா? மலையில் முதியோர் இல்லத்துக்கு வரும் புது நர்சுகளுக்கு

கோத்தகிரி பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் பல வருடங்களாக நர்சாக இருக்கிறேன். திருநெல்வேலி, தேனி, சேலம் என்று எங்கெங்கிருந்தோ படிப்பை முடித்துவிட்டு இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், எப்போ இங்கேயே பார்க்கணும்?"

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. டியூட்டி டாக்டர் பக்கத்து அறையில் இருப்பார், ஐ.சி.யு. மேல் மாடியில் இருக்கும். இங்கே டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், மற்ற நாட்களில் போனில்தான். இரவு இரண்டு மணிக்கு மூடுபனிக்குள் ஒரு எண்பத்தைந்து வயது அம்மாவை வண்டியில் ஏற்றுவதா வேண்டாமா என்பதில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லுக்குப் பெரிய எடை உண்டு. முடிவு டாக்டருடையதுதான். ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும். அதற்குத் தயாராவது எப்படி என்று, நான் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வாரம்: ஒவ்வொருவரின் வழக்கத்தையும் எழுதுங்கள்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகாவிட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம். அந்த வாரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போடுங்கள். நன்றாக இருக்கும்போது பி.பி. எவ்வளவு, பல்ஸ், சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம்), காலை வெப்பநிலை, எடை எவ்வளவு என்று குறியுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். காலையில் எத்தனை இட்லி சாப்பிடுவார், தானாக எழுந்து பாத்ரூம் போவாரா, ஆயா கைபிடித்தால் போவாரா, பேப்பர் படிப்பாரா, மகள் பெயரைச் சரியாகச் சொல்வாரா, இரவில் எத்தனை முறை எழுவார் என்பதும் வேண்டும்.

மலையில் இந்தத் தாளுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டர். காற்றழுத்தம் குறைய, இரத்தத்தில் ஆக்சிஜனும் கொஞ்சம் குறையும். கீழே 97 காட்டும் ஒரு தாத்தாவுக்கு உதகையில் 93, 94 என்பதே வழக்கமாக இருக்கலாம். அது தெரியாத புது நர்ஸ் அவரைப் பார்த்துப் பதறுவார். வழக்கமாக 96 இருக்கும் இன்னொருவர் 92-க்கு வந்திருப்பதைப் பார்த்து, "இங்கே எல்லாருக்கும் அப்படித்தான்" என்று விட்டும்விடுவார். இரண்டாவதுதான் ஆபத்து. தன் வழக்கத்திலிருந்து மூன்று, நான்கு இறங்கியவரைத்தான் தேட வேண்டும்.

குளிர் இன்னொரு தொல்லை. டிசம்பர், ஜனவரியில் விரல்கள் ஐஸ் மாதிரி இருக்கும், விரலில் மாட்டிச் சாச்சுரேஷன் பார்க்கும் ஆக்சிமீட்டர் கண்டதைக் காட்டும். 84 என்று வந்ததும் போனை எடுக்காதீர்கள். முதலில் ஆளைப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா, உதடு நீலமா என்று பார்த்துக்கொண்டே அவர் கையை உங்கள் இரண்டு கைகளுக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, பல்ஸ் எண் நிலைக்கும் வரை அரை நிமிடம் பொறுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

தாளில் மறக்கக் கூடாத இன்னொன்று மொழி. எங்கள் இல்லத்தில் ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வந்த ஒரு படுகர் பாட்டி இருந்தார். பகலில் நம்மோடு தமிழில் நன்றாகப் பேசுவார். உடம்புக்கு முடியாத நேரத்தில் படுகு மட்டும்தான் வரும். ஒரு இரவு புது நர்ஸ் "குழப்பம், உளறல்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, அனுப்ப வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார். படுகு தெரிந்த ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னேன். பாட்டி சொன்னது இவ்வளவுதான்: அடிவயிறு வெடிக்கிற மாதிரி வலிக்கிறது, மாலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. கையை வைத்துப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே பந்து மாதிரி உப்பியிருந்தது. டாக்டரிடம் கேட்டுச் சிறுநீர்க் குழாய் (கத்தீட்டர்) போட்டதும் 800 மில்லிக்கு மேல் வந்தது. பத்து நிமிடத்தில் பாட்டி தூங்கிவிட்டார். அந்த அம்மா குழம்பவே இல்லை. அவர் பேச்சு நமக்குத்தான் புரியவில்லை. யாருக்கு எந்த மொழி, நம் ஆட்களில் அது யாருக்குத் தெரியும் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

ஆயா வந்து "ஒரு மாதிரி இருக்காங்க" என்றால்

எழுந்து போய்ப் பாருங்கள். எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் வரும் தகவல் அதுதான். ஆயாக்களுக்கு எண்கள் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தினமும் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிவிடுகிறவர்கள் அவர்கள். "வழக்கமா என்னைத் திட்டுவாங்க, இன்னைக்குத் திட்டவே இல்லை" என்று ஓர் ஆயா சொன்னதை நான் ஒருமுறை சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டேன். மறுநாள் காலையில் அந்த அம்மாவுக்கு மூச்சு நிமிடத்துக்கு 32. நிமோனியா. இருமலும் இல்லை, பெரிய காய்ச்சலும் இல்லை. ஒரு நாள் முன்னால் பார்த்திருந்தால் மாத்திரையிலேயே முடிந்திருக்கக்கூடிய நோய்க்கு, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த ஆயாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

வயதானவர்களுக்கு நோய் அப்படித்தான் வரும். மார்பு வலி இல்லாமலே மாரடைப்பு வரும். வியர்வை, வாந்தி, திடீர்ச் சோர்வு, மூச்சிரைப்பு மட்டும் இருக்கும். நல்ல தொற்று இருந்தும் காய்ச்சல் ஏறாது. சாப்பிடவில்லை, எழவில்லை, பேசவில்லை, புதிதாகக் கீழே விழுகிறார் என்றால் இவை ஒவ்வொன்றும் ஒரு நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். குறிப்பாகத் திடீர்க் குழப்பம். கத்திக் கலாட்டா செய்யும் குழப்பத்தை எல்லோரும் கவனிப்பார்கள். போர்வைக்குள் அமைதியாக மயங்கிக் கிடக்கும் குழப்பத்தை "பாவம், நல்லா தூங்கறாங்க" என்று விட்டுவிடுவோம். கூப்பிட்டால் கண் திறந்து இரண்டு வார்த்தை தொடர்ச்சியாகப் பேசுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

போனதும் அளக்க வேண்டியவை ஆறு: மூச்சு, சாச்சுரேஷன், பி.பி., பல்ஸ், வெப்பநிலை, சுயநினைவு. ஏழாவதாக, யாராக இருந்தாலும், சுகர். மூச்சை முதலில் எண்ணுங்கள், ஒரு முழு நிமிடம், அவருக்குத் தெரியாமல். மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸ் பார்ப்பது போல் வைத்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள். பலர் செய்வது போல எண்ணாமலே "20" என்று எழுதுவது இந்த வேலையில் மன்னிக்க முடியாத தப்பு. முதலில் மாறுவதே மூச்சுதான்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய "நியூஸ் 2" என்ற மதிப்பெண் அட்டை இந்த ஆறுக்கும் எண் கொடுக்கிறது. மொத்தம் 5 வந்தால் உடனே டாக்டர் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரம். மூச்சு 25 அல்லது அதற்கு மேல், மேல் பி.பி. 90 அல்லது அதற்குக் கீழ், பல்ஸ் 40 அல்லது அதற்குக் கீழ், 131 அல்லது அதற்கு மேல், புதிதாக வந்த குழப்பம் — இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அதற்கு மட்டும் 3 மதிப்பெண். உடனே டாக்டரிடம் பேச வேண்டும். அட்டையை அச்சடித்து டியூட்டி மேசையில் ஒட்டுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த அட்டை சமவெளிக்குப் போட்ட கணக்கு. 94, 95 சாச்சுரேஷனுக்கு 1, 92, 93-க்கு 2 என்று அது மதிப்பெண் போடும். உதகையில் நன்றாக இருக்கும் பாட்டி கூட ஒன்றிரண்டு மதிப்பெண்ணோடுதான் தொடங்குவார். நீங்கள் எழுதிய தாள் இங்கேதான் கை கொடுக்கும்.

யோசிக்கவே வேண்டாத நேரங்கள்

இவற்றுக்கு முதலில் 108. டாக்டருக்கும் வீட்டாருக்கும் அடுத்த போன்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது. பக்கவாதம் என்று நினைத்ததும் சுகர் பாருங்கள். தாழ்ந்த சுகர் அச்சு அசலாக இதே மாதிரி வேஷம் போடும். சுகர் சரியாக இருந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதுங்கள். "காலையில் பார்த்தோம்" என்பது போதாது. ஒன்பது மணிக்கு டீ குடித்தார், கப்பைத் தானே பிடித்தார் என்று இருக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். மலையிலிருந்து போகிறவருக்கு அந்த நாலரையில் பாதி ரோட்டிலேயே போய்விடும். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் கூடாது, உள்ளே இருப்பது அடைப்பா இரத்தக் கசிவா என்பது சி.டி. எடுத்தால்தான் தெரியும்.

மார்பை அழுத்தும் வலி, குப்பென்ற வியர்வையோடு மூச்சிரைப்பு. நிற்காத வலிப்பு. கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி. ஆக்சிஜன் வைத்த பிறகும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத மூச்சுத் திணறல். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

விழுந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழுந்தவரைக் கண்டதும் தூக்கி உட்கார வைப்பதுதான் எல்லோரின் கையும் செய்யும் முதல் வேலை. செய்யாதீர்கள். தரையிலேயே போர்வை போர்த்திப் பாருங்கள். ஒரு கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால் பார்க்கச் சரியாக இருந்தும் தொடையிடுக்கில் வலி என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் நடக்க விடக் கூடாது. தலையில் அடி என்றால் மருந்துச் சீட்டைத் திறந்து வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சபான் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே சி.டி. வேண்டும். இரத்தத் தட்டுகள் ஒட்டாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரல் எடுப்பவர்களுக்கும் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசே கிடையாது.

சுகர் 70-க்குக் கீழே, விழுங்க முடிகிறது என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அவருக்கு 108. சர்க்கரையில் தெளிந்துவிட்டார் என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை போடுகிறவர், கிட்னி கொஞ்சம் மந்தமானவர் என்றால் சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம், விடியற்காலையில் இன்னொரு முறை இறங்கலாம். இப்படிப்பட்டவரை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

கடைசியாக, மலைக்கே உரிய ஒன்று. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உயிர்கள் போயிருக்கின்றன. காரணம் கார்பன் மோனாக்சைடு. தலைவலி, வாந்தி, மந்தம். ஒரே அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய இரத்தமாகவே அது கணக்கெடுத்து 98 காட்டும். எண்ணை நம்பாதீர்கள். கதவு ஜன்னலைத் திறங்கள், ஆளை வெளியே கொண்டு வாருங்கள், ஆக்சிஜனைக் கூட்டி வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சரியான காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தாலும் இதேதான்.

இங்கேயே பார்க்கக் கூடியவை

பெரும்பாலான நாட்கள் இந்தப் பகுதியில்தான் கழியும். அனுப்பாமல் இருப்பதற்கும் நல்ல காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு வயதானவர்கள் உடம்பால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. புது இடத்தில் இரவில் குழப்பம் வரும். மூன்று நாள் படுத்தால் கால் பலம் போகும். படுக்கைப் புண், அங்கே பிடிக்கும் புதுத் தொற்று, தெரியாத பாத்ரூமில் வழுக்கி விழுவது எல்லாம் உண்டு. நடந்து போனவர் வீல்சேரில் திரும்பி வருவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

காய்ச்சல்: வயதானவர்களுக்கு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டே காய்ச்சல்தான். வழக்கமாக 97 இருப்பவருக்கு 99-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு, பி.பி., நினைவு மூன்றும் வழக்கம்போல் இருந்து, கஞ்சி குடிக்கிறார் என்றால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கி இங்கேயே பார்க்கலாம். குளிர்காலத்தில் எதிர்ப்பக்கத்தையும் கவனியுங்கள். 95-க்குக் கீழே போனால் அது உடம்பு விறைக்கத் தொடங்கியதன் அடையாளம். கையைத் தொட்டுப் பார்க்காமல், போர்வைக்குள் இருக்கும் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறே சில்லென்று இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சிறுநீர் நாற்றம் அடிக்கிறது, கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் அனுப்ப வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கும் கேட்க வேண்டாம். வயதானவர்கள் பலரின் சிறுநீரில் எந்தத் தொல்லையும் தராத கிருமிகள் எப்போதும் இருக்கும். எரிச்சல், காய்ச்சல், குளிர் நடுக்கம், புதுக் குழப்பம் சேர்ந்தால்தான் அது நோய். தண்ணீர் போதாமைதான் பல நேரம் உண்மையான காரணம். குளிரில் யாருக்கும் தாகம் எடுப்பதில்லை. இரவில் எழ வேண்டுமே என்று பயந்து பாட்டிகள் மாலை நான்கு மணிக்கே டம்ளரைத் தள்ளிவிடுவார்கள். சுக்குக் காப்பியாகவோ ரசமாகவோ, எப்படியாவது உள்ளே போக வையுங்கள். நீரளவுக்குக் கட்டுப்பாடு உள்ள இதய, கிட்னி நோயாளிகளுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். போதும், குடிக்க முடிகிற வரை. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்றால் ட்ரிப்ஸ் தேவை. இதய நோயாளி மூன்று நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் மருந்தின் அளவைச் சரிசெய்தாலே பல முறை ஒரு அட்மிஷன் தவிர்ந்துவிடும்.

இங்கேயே பார்ப்பது என்று முடிவானால், பார்க்க வேண்டும். இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். எங்கள் இல்லத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு அளவுகளையும் எழுதுகிறோம். மூன்று முறை எழுதியும் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் மறுபடி டாக்டருக்குப் போன். எந்த எண் வந்தால் அனுப்புவது என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுத் தாளின் தலைப்பில் எழுதிவிடுவோம்: "மூச்சு 26 தாண்டினால் அல்லது சாச்சுரேஷன் 89-க்குக் கீழ் வந்தால் 108." இரவு டியூட்டிக்கு வரும் பிள்ளைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு தைரியம் தரும் தெரியுமா!

ரோட்டையும் கணக்கில் சேருங்கள்

சமவெளியில் இருக்கும் இல்லத்தில் இரவு பத்து மணிக்கு எடுக்கும் முடிவை இங்கே பிற்பகல் மூன்று மணிக்கே எடுத்துவிட வேண்டும். இருட்டினால் மூடுபனி. மேட்டுப்பாளையம் ரோட்டிலும் கூடலூர் பக்கத்திலும் யானை நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் எந்த வளைவில் மண் சரியும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் சரிந்த மண் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரை எடுத்தது. இந்த மலையில் இருப்பவர்கள் அதை மறக்கவில்லை. கோடை சீசனில் வேறு கதை. ஏறும் வண்டிகள் பர்லியாறு வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவார்கள், டவுனுக்குள் நகரவே முடியாது. காலையிலிருந்து மந்தமாக இருப்பவர் மதியச் சாப்பாட்டையும் தள்ளினால், "ராத்திரி பார்த்துக்கலாம்" என்று சொல்லாமல் வெளிச்சம் இருக்கும்போதே டாக்டரைக் கேளுங்கள். இன்னும் மோசமாகும் என்று பத்தில் நாலு பங்கு தோன்றினாலே நான் அந்த நேரத்தில் அனுப்பிவிடுவேன். மழைக்காலத்தில் அதைவிடவும் சீக்கிரம்.

எங்கே அனுப்புவது என்பதையும் அவசரம் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறக்கப்பட்ட பிறகு, எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூர் என்ற நிலை மாறியிருக்கிறது. குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை இருக்கிறது, கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பகலில் போன் செய்து, இரவில் சி.டி. எடுப்பார்களா, எலும்பு டாக்டர் எந்த நாட்களில், பக்கவாத ஊசி உண்டா என்று கேட்டு எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

108-க்குப் பேசும்போது கதவு எண்ணும் தெருவும் இங்கே உதவாது. எஸ்டேட் பெயர், தேயிலை பேக்டரி, பஸ் ஸ்டாப், எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்று சொல்லுங்கள். டார்ச்சோடு ஒருவரைப் பிரிவுக்கே அனுப்பி நிற்க வையுங்கள். பனியில் போர்டு தெரியாமல் வண்டி தாண்டிப் போய்த் திரும்பி வந்ததில் எங்களுக்கு ஒருமுறை இருபது நிமிடம் போயிருக்கிறது.

போக விரும்பாதவர்கள்

இதை எழுதுவது எனக்குச் சிரமமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

வேலைக்கு வந்த மூன்றாம் வருடம். தொண்ணூறு தாண்டிய ஒரு தாத்தா, எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். புற்றுநோய் பரவிவிட்டது, வைத்தியம் போதும் என்று அவரே சொல்லியிருந்தார். "சிஸ்டர், என்னைக் கீழே மட்டும் கொண்டு போகாதீங்க. இந்த ஜன்னல் பக்கமே இருந்துக்கறேன்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒரு இரவு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எனக்குப் பயம். வெளிநாட்டில் இருந்த மகனுக்கும் பயம், "எப்படியாவது காப்பாத்துங்க" என்று போனில் அழுதார். ஏற்றினோம். பர்லியாறு தாண்டுவதற்கு முன்பே, ஒரு கொண்டை ஊசி வளைவில், ஸ்ட்ரெச்சர் பெல்ட்டுக்குள் அவர் போய்விட்டார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன் என்பது மட்டும்தான் ஆறுதல். அந்த ஜன்னலை இன்றைக்குத் துடைக்கும்போதும் எனக்கு அது வலிக்கிறது.

அதனால் சொல்கிறேன். இல்லத்தில் சேர்ந்து உடம்பு நன்றாக இருக்கும்போதே, டாக்டரையும் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைப் பேசிவிட வேண்டும். நம் ஊரில் சாவைப் பற்றி நேராகக் கேட்டால் அபசகுனம் என்பார்கள். நான் இப்படிக் கேட்பேன்: "உடம்புக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னா உங்களை எங்க வெச்சுப் பார்க்கணும்னு ஆசைப்படறீங்க?" பெரும்பாலானவர்கள் இதற்காகவே காத்திருந்தவர்கள் போலப் பேசுவார்கள். கடைசிக் காலத்தில் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டரிடமும் பிள்ளைகளிடமும் காட்டுங்கள்.

அனுப்ப வேண்டாம் என்பதற்கு எதுவும் செய்ய வேண்டாம் என்று அர்த்தமில்லை. வலிக்கு மருந்து, மூச்சுக்குத் தலைமாட்டை உயர்த்துவது, வாயை ஈரத்துணியால் துடைப்பது, பக்கத்தில் ஆள் எல்லாம் வேண்டும். அப்படிப்பட்டவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால், வலியைத் தீர்ப்பதற்காக அனுப்ப வேண்டியும் வரலாம். டாக்டரும் குடும்பமும் சேர்ந்து எடுத்த முடிவு இல்லாத நிலையில், நீங்களாக "வயசாயிடுச்சு, விட்டுடலாம்" என்று ஒருநாளும் முடிவெடுக்காதீர்கள்.

போனில் பேசுவது

டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி "பாட்டிக்கு முடியல டாக்டர்" என்றால் அவர் என்ன செய்வார்? நான்கு விஷயம், இந்த வரிசையில்: என்ன நடக்கிறது, இவர் யார், என்ன அளந்தேன், என்ன வேண்டும்.

"டாக்டர், நாலாம் நம்பர் அம்மாவுக்கு ஒரு மணி நேரமா மூச்சு வாங்குது. வயசு 82, இதய நோய், போன மாசம் அட்மிட் ஆனவங்க. மூச்சு 28, சாச்சுரேஷன் 88, வழக்கமா 94. பி.பி. 170/100, பல்ஸ் 112, காய்ச்சல் இல்ல, சுகர் 160. ரெண்டு காலும் வீங்கியிருக்கு, மூணு நாள்ல ரெண்டரை கிலோ கூடியிருக்கு. ஆக்சிஜன் வெச்சிருக்கேன். அனுப்பணும்னு நினைக்கிறேன். வண்டி வர்றதுக்குள்ள லாசிக்ஸ் போடலாமா?"

கடைசி வரியைச் சொல்லப் பயப்படாதீர்கள். நீங்கள் நினைப்பதைச் சொல்வது மரியாதைக் குறைவாகாது. அவர் சொன்ன மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி, நேரத்தோடு எழுதுங்கள்.

வீட்டாரிடம் பேசும்போது எண்களை அடுக்காதீர்கள். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வேண்டியது, அம்மா இப்போது பேசுகிறாரா, யார் கூடப் போகிறார்கள், எந்த ஆஸ்பத்திரி என்பதுதான். முடிந்தால் போனை அம்மாவின் காதில் ஒரு நிமிடம் வையுங்கள்.

வண்டி வந்ததும்

ஒரு கவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்: வழக்கத் தாளின் நகல், மருந்துச் சீட்டு, அலர்ஜி, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, விருப்ப ஆவணம். இன்னொரு பையில் கண்ணாடி, காது மெஷின், பல்செட், கம்பளித் தொப்பி. காது மெஷின் இல்லாமல் போனவரை அங்கே "குழப்பம்" என்று எழுதிவிடுவார்கள்.

மலை ரோட்டில் வாந்தி வரும். மயக்கமாக இருப்பவர் மல்லாந்து படுத்து வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். எலும்பு முறிவு இல்லை என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லத்து வண்டியில் போனால் சிலிண்டர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிறைந்த பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் வைத்தால் ஆறு மணி நேரம் வரும். பாதி தீர்ந்த சிலிண்டர் என்றால் கோயம்புத்தூர் போய், கேஷுவாலிட்டி வாசலில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். விறகடுப்புப் புகையில் ஐம்பது வருடம் சமைத்து நுரையீரல் கெட்ட பாட்டிகளுக்கு ஆக்சிஜனை அள்ளி வைக்காதீர்கள், 88 முதல் 92-க்குள் நிறுத்துங்கள். நம் ஆள் ஒருவர், முடிந்தால் அவர் மொழி பேசுகிறவர், கூடப் போகட்டும்.

திரும்பி வந்த அன்று வேலை இரட்டிப்பு. பழைய மாத்திரைகளையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்திருக்கும், நிறுத்தச் சொன்னது டப்பாவில் இன்னும் இருக்கும். குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் வெளிச்சத்தில் பாருங்கள். எடை, பி.பி., சாச்சுரேஷன், எத்தனை அடி நடக்கிறார், எத்தனை இட்லி என்று எல்லாவற்றையும் மூன்று நாள் மறுபடி குறியுங்கள். பிறகு வழக்கத் தாளில் பழைய எண்களைக் கோடு போட்டு அடித்து, புதியவற்றை அன்றைய தேதியோடு பக்கத்தில் எழுதுங்கள்.